செய்தியிலிருந்து கதைக்கு: அறிஞர் சித்திலெவ்வையின் எழுத்துப் பணி

முன்னுரை

இதழும் நாவலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு எந்திரத்தின் கைப்பிடித்துத் தமிழகத்துள் நுழைந்த இரு விருந்தினர்கள். முதல் விருந்தினர் சற்று முன்னே வந்தார். அடுத்தவர் அவர் திறந்துவைத்த வாயில் வழியே வந்தார். உரைநடையை மக்கள் படிக்கப் பழகியது இதழ்களால். பழகிய அக்கண்களே பின்னர் நாவலைத் தேடின. எனவே நம் நாவலாசிரியர் பலர் இதழாசிரியராகவும் இருந்தனர் என்பதில் வியப்பில்லை. பேராசிரியர் கல்கி வரை அவ்வரிசை நீண்டு செல்கிறது. அவ்வரிசையின் தொடக்கத்தில் நிற்கும் ஒருவரை நம் மாணவர் பலர் பெயரளவிலும் அறியார். அவர் இலங்கைக் கண்டியைச் சேர்ந்த அறிஞர் முகம்மது காசிம் சித்திலெவ்வை. தமிழக நூல்கள் அவரைச் சித்திலெப்பை என எழுதும்.

1882இல் இதழ் தொடங்கிய அவர், 1885இல் நாவல் எழுதினார். மூன்றாண்டுக்குள் செய்தியாளர் ஒருவர் கதையாசிரியராக மாறியது ஏன்? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருளாகும். பின்னலாடைத் தொழில் செழித்த இந்நகரத்தில், வகுப்பறைக்கும் தையற்கூடத்திற்கும் இடையே நாள்தோறும் இழுபடும் எம் மாணவரை மனத்திற்கொண்டே இதனை ஆராய முற்படுகிறோம்.

பிறப்பும் பின்னணியும்

சித்திலெவ்வை 1838ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் கண்டியில் பிறந்தார். தந்தையார் வழக்குரைஞர், இலங்கை முஸ்லிம்களுள் அத்தொழிலில் முதன்முதல் புகுந்தவர் அவரே என்பர். அரபும் தமிழும் ஆங்கிலமும் ஒரே வீட்டில் ஒலித்த சூழல் மைந்தருக்கு வாய்த்தது. தந்தை வழியில் 1862இல் அவரும் வழக்குரைஞரானார். கண்டி நகரவையிலும் இடம்பெற்றார். செல்வமும் செல்வாக்கும் தேடாமலே வந்து சேர்ந்த வாழ்வு அது.

ஆயின், நீதிமன்றத்தின் படிகளில் அவர் கண்ட காட்சி வேறு. வாணிபத்தில் தேர்ந்த முஸ்லிம்கள், தம் பெயரில் எழுதப்பட்ட ஆவணத்தைத் தாமே படித்தறிய இயலாது பிறர் முகம் நோக்கி நின்றனர். ஆங்கிலக் கல்வி அந்நாளில் பெரும்பாலும் கிறித்தவ மிஷன் பள்ளிகளின் வழியே கிடைத்தது. பிள்ளையை அங்கு அனுப்பினால் மார்க்கம் போய்விடுமோ என்னும் அச்சம் பெற்றோரைத் தடுத்தது. அச்சம் நேர்மையானதே, ஆயினும் அதன் விலையைச் செலுத்தியவர்கள் பிள்ளைகள். கடையும் கணக்கும் தெரிந்தால் போதும் என்ற மனநிறைவும் அவ்வச்சத்துடன் சேர்ந்துகொண்டது. பொருள் ஈட்டும் சமூகம் கல்வியில் பின்தங்கும் இம்முரணே சித்திலெவ்வையின் வாழ்நாள் கவலையாயிற்று. வருவாய் மிக்க தொழிலை விடுத்து அவர் எழுத்தையும் கல்விப் பணியையும் ஏற்றது இக்கவலையினால்தான்.

'முஸ்லிம் நேசன்'

1882ஆம் ஆண்டு தமிழ் இதழியலில் நினைக்கத்தக்கது. சென்னையில் ஜி. சுப்பிரமணிய ஐயர் 'சுதேசமித்திரன்' இதழை வார வெளியீடாகத் தொடங்கியது அவ்வாண்டில். அதே ஆண்டின் டிசம்பர்த் திங்களில் சித்திலெவ்வை 'முஸ்லிம் நேசன்' என்னும் வார இதழை வெளியிட்டார். ஒருவர் 'மித்திரன்' என்றார்; மற்றவர் 'நேசன்' என்றார். இரு சொற்களின் பொருளும் நண்பன் என்பதே. இடித்துரைக்கும் உரிமை நட்புக்கு உண்டு என்பது தமிழ் மரபு. அவ்வுரிமையைச் சித்திலெவ்வை தயங்காது கைக்கொண்டார். சமூகத்தின் குறைகளை அயலார் சுட்டுமுன் தாமே எழுதினார். கல்வி வேண்டும், பெண்மக்களுக்கும் வேண்டும், ஆங்கிலமும் வேண்டும் என்று வாதிட்டார். எதிர்ப்பு எழாமல் இல்லை, அதனையும் பொறுத்தார்.

இதழ் தோன்றிய வேளையில் உலக வரலாறும் இலங்கைக் கரையை வந்து தொட்டது. எகிப்தில் அந்நியர் ஆதிக்கத்தை எதிர்த்தெழுந்த அகமது ஒராபி பாஷாவின் படை 1882 செப்டம்பரில் தெல்-எல்-கபீர்ப் போரில் ஆங்கிலேயரால் முறியடிக்கப்பட்டது. அவரும் தோழரும் நாடு கடத்தப்பட்டு 1883 ஜனவரியில் கொழும்பு வந்திறங்கினர். தோற்ற தலைவரை இலங்கை முஸ்லிம்கள் விருந்தினராக வரவேற்றனர். முதலில் கொழும்பிலும் பின்னர்க் கண்டியிலும் வாழ்ந்த பாஷா, 1901இல்தான் தாயகம் மீண்டார். அவருக்கும் சித்திலெவ்வைக்கும் நெருங்கிய நட்பு அரும்பியது. கல்வியே சமூகத்தின் மீட்சி என்னும் கருத்தில் இருவரும் ஒன்றுபட்டனர். அதுவரை தந்திச் செய்தியாக மட்டுமே அறியப்பட்ட எகிப்து, இப்போது அடுத்த தெருவில் வாழும் மனிதராக வந்துவிட்டது. செய்தி மனிதராக மாறும் அவ்விடமே கதை பிறக்கும் இடம் எனலாம்.

'அசன்பே சரித்திரம்'

1885இல் 'அசன்பேயுடைய கதை' வெளிவந்தது. 'அசன்பே சரித்திரம்' என்றே இன்று வழங்கும் இந்நூல், ஈழத்தில் தோன்றிய முதல் தமிழ் நாவல். தமிழின் இரண்டாவது நாவல் என்றும் இலக்கிய வரலாற்றாசிரியர் பலர் கூறுவர். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக வந்தது. இவ்விரண்டிற்கும் இடையே அசன்பே நிற்கிறான். வேதநாயகம் பிள்ளை முன்சீபாகப் பணியாற்றியவர், சித்திலெவ்வை வழக்குரைஞர். தமிழ் நாவலின் முதலிரு படைப்பாளரும் நீதிமன்றத்தில் மனிதரின் பொய்யையும் மெய்யையும் கேட்டுப் பழகியவர்கள் என்பது கருதத்தக்கது.

கதைப்போக்கைச் சுருங்கக் கூறலாம். எகிப்தின் உயர்குடியில் பிறந்த ஆண்மகவு குழந்தைப் பருவத்திலேயே பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படுகிறது. தன் குலம் அறியாது பம்பாயில் வளர்கிறான் சிறுவன் அசன். பின்னர்க் கல்கத்தாவை அடைந்து கல்வி பெறுகிறான். சூழ்ச்சிகளும் இடர்களும் அவனைத் தொடர்கின்றன. இறுதியில் எகிப்து மீண்டு பெற்றோரைச் சேர்கிறான். 'பே' என்பது அந்நாட்டில் உயர்ந்தோர்க்கு வழங்கிய சிறப்புப் பெயராகும்.

இந்நூலைப் பற்றி ஆய்வாளர் கூறும் குறை ஒன்றுண்டு. ஈழத்தின் முதல் தமிழ் நாவலில் ஈழமே இல்லை என்பது அது. கண்டியில் இருந்தவர் கண்டியை எழுதாமல் கெய்ரோவையும் பம்பாயையும் எழுதியது ஏன் என அவர்கள் வினவுவர். நிகழ்ச்சிகள் நம்பத்தக்க அளவைக் கடக்கின்றன என்றும் கூறுவர். இரண்டாவது குறையை நாம் மறுப்பதற்கில்லை. தற்செயல் நிகழ்ச்சிகள் மிகுந்த கதை இது. முதற் குறையை மட்டும் சற்று மாற்றிப் பார்க்கலாம். கண்டியைப் பற்றி அவர் எழுதாமல் இல்லை. வாரந்தோறும் இதழில் எழுதினார். கண்டிக்கு வெளியே ஓர் உலகம் உண்டு என்பதை வாசகர் உணரவேண்டும் என்பதற்கே நாவல் தேவைப்பட்டது.

ஏன் கதை?

இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் மரபை இங்கு எண்ணிப் பார்த்தல் நலம். 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய 'ஆயிர மசலா' முதல் உமறுப் புலவரின் 'சீறாப்புராணம்' வரையிலும், அதன் பின்னரும் நம் முன்னோர் பெரிதும் செய்யுளையே கையாண்டனர். கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, படைப்போர் எனத் தமிழுக்குப் புதிய வகைகளை வழங்கினர். அவற்றின் தலைவர்கள் நபிமார்கள், இறைநேசர்கள், மாவீரர்கள். நாம் அவர்களைப் போற்றலாம், வழிபற்றி நடக்கலாம். அவர்களாக நம்மைக் கற்பனை செய்தல் இயலாது.

அசனோ அத்தகையவன் அல்லன். அவன் அற்புதங்கள் நிகழ்த்துவதில்லை. ஏமாறுகிறான், அஞ்சுகிறான், ஓடுகிறான், படிக்கிறான். எந்தத் தெருவிலும் காணத்தக்க ஒரு சிறுவன் முஸ்லிம் தமிழ்க் கதையின் நடுவே வந்து நின்றது இலக்கிய வரலாற்றில் சிறிய நிகழ்ச்சியன்று.

இதழில் ஆசிரியர் 'உன் மகனைப் படிக்க வை' என எழுதினால், தந்தை அதற்கு மறுமொழி ஒன்றை ஆயத்தமாக வைத்திருப்பார். கடைக்கு ஆள் இல்லை என்பார். மார்க்கம் கெடும் என்பார். வாதத்திற்கு எதிர்வாதம் உண்டு. கதைக்கு அது இல்லை. தாய் தந்தை அறியாத சிறுவன் ஒருவன், அயலூரில், கல்வி ஒன்றையே துணையாகக் கொண்டு கரையேறுவதைப் படித்த தந்தை, நூலை மூடியதும் தன் மகனின் முகத்தை நோக்குவார். அந்த நோக்கையே சித்திலெவ்வை விரும்பினார் என நாம் கருதுகிறோம். ஆங்கிலம் கற்றும் அசன் தன் நெறியை இழப்பதில்லை. மிஷன் பள்ளியைக் கண்டு அஞ்சிய பெற்றோர்க்கு இதனினும் தெளிவான விடை ஏது?

ஆகவே, செய்தியாளர் தம் தொழிலை விட்டுக் கதைக்குச் சென்றார் என்பது பொருந்தாது. இதழ் செய்து முடிக்க இயலாத பணியைச் செய்ய நாவலைத் துணைக்கு அழைத்தார் என்பதே பொருந்தும். இதழாசிரியரும் நாவலாசிரியரும் அவரிடத்தில் இருவர் அல்லர்.

எழுத்தைத் தொடர்ந்த செயல்

எழுதியதோடு அமைந்திருந்தால் அவரை நாம் இத்துணை போற்றவேண்டியதில்லை. 1884இல் கொழும்பு புதிய சோனகத் தெருவில் பள்ளி ஒன்றை நிறுவ முன்னின்றார். அம்முயற்சி தளர்ந்தபோதும் அவர் தளரவில்லை. ஒராபி பாஷாவின் ஆதரவும், கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டியெழுப்பிய வாப்பிச்சி மரைக்காரின் உழைப்பும் துணைசேர, 1892 ஆகஸ்டில் மருதானையில் ஒரு கல்விக்கூடம் தொடங்கப்பெற்றது. அதுவே இன்று புகழுடன் விளங்கும் ஸாஹிராக் கல்லூரி. எழுதுபவர், நாடிழந்த தலைவர், கட்டடம் கட்டுபவர் ஆகிய மூவர் கூடினால் ஒரு கல்லூரி எழும் என்பதற்கு அது சான்று.

கண்டியில் பெண்மக்களுக்கெனவும் பள்ளி கண்டார். பிள்ளைகள் பயிலப் பாடநூல்களும் எழுதினார். 'ஞானதீபம்' என்னும் இதழை நடத்தினார். 'அஸ்றாறுல் ஆலம்' என்னும் மெய்ஞ்ஞான நூலையும் யாத்தார். 1898 பிப்ரவரி 5ஆம் நாள் அறுபது நிறைவதற்குள் மறைந்தார். இலங்கை அரசு 1977இல் அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

அவர் வழியில் வந்தோர்

'நேசன்' என்னும் பெயர் கடல் கடந்தது. சிங்கப்பூரில் 1887இல் 'சிங்கை நேசன்' இதழைத் தொடங்கிய மகுதூம் சாயபு, மறு ஆண்டே அவ்விதழில் 'விநோத சம்பாஷணை' என்னும் கதை வடிவ உரையாடலை எழுதினார். அங்கும் இதழாசிரியர் கையிலேயே கதை பிறந்தது. அசன்பே வெளிவந்த 1885இல் பிறந்த பா. தாவூத்ஷா, அரசுப் பணியைத் துறந்து 'தாருல் இஸ்லாம்' இதழை நடத்தியதோடு நாவல்களும் எழுதினார். நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் 'காதலா கடமையா' என்னும் நாவலை வெளியிட்டபோது, அதற்கு உ. வே. சாமிநாதையர் அணிந்துரை நல்கினார். பெண்கல்விக்காகக் கண்டியில் எழுந்த குரலுக்கு அரை நூற்றாண்டு கழித்து நாகூரிலிருந்து கிடைத்த மறுமொழியாக அந்நூலைக் கருதலாம்.

நம் நகரமும் அசன்பேயும்

இனி நம் நகருக்கு வருவோம். 1920களில் குலாம் காதர் என்னும் பெரியவர் நிறுவிய ஆலையே திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் தொடக்கம் எனத் தொழில் வரலாறு எழுதியோர் குறிப்பர். அன்று உள்ளாடையாகிய பனியனில் தொடங்கிய தொழில், இன்று இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேற்பட்ட பங்கைத் தாங்கி நிற்கிறது. எம்மைச் சுற்றியுள்ள பல்லாயிரம் அடுப்புகள் எரிவது இத்தொழிலால். இதனைக் குறைத்துப் பேசும் எண்ணம் எமக்கு இல்லை.

ஆயினும் சித்திலெவ்வை கண்ட அதே முரணை இங்கும் காண்கிறோம். வேலை எளிதில் கிடைக்கும் ஊரில் படிப்பு எளிதில் நின்றுவிடுகிறது. கைமடியாகச் சேரும் சிறுவன் சில ஆண்டுகளில் 'ஓவர்லாக்' டெய்லராகிறான். சனிக்கிழமை தோறும் கைக்கு வரும் சம்பளத்தின் முன்னே மூன்றாண்டு கழித்துக் கிடைக்கும் பட்டம் மங்கிப் போகிறது.

இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வகுப்பில் ஒருமுறை அசன்பேயின் கதையைக் கூறிக்கொண்டிருந்தோம். இரவு ஷிப்ட் முடித்து நேரே வகுப்புக்கு வரும் மாணவர் ஒருவர் கடைசி வரிசையிலிருந்து எழுந்தார். "அசன் வீட்டைவிட்டுப் போய்த் தொலைந்தான் ஐயா, எங்கள் தெருவில் வீட்டில் இருந்துகொண்டே தொலைகிறார்கள்" என்றார். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்துவிட்டோம். அடுத்த பருவத்தில் அவர் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே வராமையைக் குறித்துக்கொண்டே மூன்று திங்கள் கழித்தோம். கல்வியின் சிறப்பைப் பற்றி மேடைதோறும் பேசிய நாம், இரண்டு கல் தொலைவிலிருந்த அவர் இல்லத்திற்குச் செல்ல மூன்று திங்கள் ஆயிற்று என்பதை இம்மலரில் நாணத்துடன் பதிவு செய்கிறோம்.

சென்றபோது அவர் அன்னையார் நாற்காலி இட்டுத் தேநீர் தந்தார். தந்தையார் நோயுற்றதும் மூத்த சகோதரியின் திருமணம் நெருங்கியதும் அப்போதுதான் தெரிந்தன. மாணவர் எம்மிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவரும் அவரல்லர். கதையின் இறுதியில் அசன் தாயைக் கண்டானா என்று மட்டும் கேட்டார். பருவ இடைவெளியில் நின்றுபோன பாடத்தின் முடிவு அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கண்டான் என்றோம். நூலின் நகலை மறுநாள் கொடுத்தனுப்பினோம். அவர் இன்னும் வகுப்புக்குத் திரும்பவில்லை. நூலும் திரும்பவில்லை, அவர் அதனைப் படித்துக்கொண்டிருக்கிறார் என்று நம்புகிறோம்.

இங்கே இன்னொன்றும் கூறவேண்டும். நொய்யலாற்றைச் சாயக்கழிவு கெடுத்த கொடுமை செய்தித்தாள்களில் பல்லாண்டு செய்தியாக வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. அவ்வாணைக்குப் பல்லாண்டு முன்பே, 'கனவு' இதழை நடத்திய சுப்ரபாரதிமணியன் தம் 'சாயத்திரை' நாவலில் அத்துயரை மனிதர்களின் வாழ்வாக எழுதிவிட்டார். செய்தி அறிவித்ததை நாவல் உணர்த்தியது. ஆயின், வகுப்பை விட்டுத் தையற்கூடம் சென்ற மாணவனின் கதையை, பள்ளிவாசல் தெருவிலிருந்து விடியலில் கம்பெனி வேனுக்கு விரையும் பெண்மகளின் கதையை, அவர்களுள் ஒருவரே எழுதும் நாளுக்காக இன்னும் காத்திருக்கிறோம்.

முடிவுரை

சித்திலெவ்வை தம் சமூகத்தின் குறையைச் செய்தியாக எழுதினார். போதவில்லை என்று கண்டு கதையாக எழுதினார். அதுவும் போதாது என்று கண்டு பள்ளி கட்டினார். இம்மூன்று படிகளுமே அவர் வரலாறு நமக்கு விட்டுச்சென்ற பாடம்.

மாணவர்களே, உங்கள் தெருவில் நாள்தோறும் காண்பதை ஒரு பக்கமேனும் எழுதுங்கள். நம் துறையின் கையெழுத்து ஏடு அதற்காகவே காத்திருக்கிறது. ஆசிரியப் பெருமக்களே, பதிவேட்டில் வராமையைக் குறிக்கும் கை, அன்று மாலையே அவ்வீட்டுக் கதவையும் தட்டட்டும். சமுதாயப் பெரியோர்களே, தொழில் நடத்துவோர் உங்களுள் பலர். உங்களிடம் பணிபுரியும் மாணவனுக்குத் தேர்வு நாள்களில் விடுப்பும், மாலைக் கல்விக்கு வழியும் நல்குங்கள். வாப்பிச்சி மரைக்காரைப் போலக் கட்டடம் எழுப்ப எல்லோராலும் இயலாது. ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுபோகாமல் காக்க நம்முள் பலரால் இயலும்.

தொலைந்த மகன் வீடு திரும்புவதோடு அசன்பேயின் கதை நிறைவுற்றது. எம் வகுப்பின் கடைசி வரிசையில் ஓரிடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.